நனையாத ஈ: டிரை ஃப்ளை தூண்டில் பற்றி வாசகர் கேள்விகள்

மண்புழுவையோ மாவுருண்டையையோ கோத்துக் குளத்தங்கரையில் உட்கார்ந்திருப்பது ஒரு வகைத் தூண்டில். முள்ளின் மேல் இறகும் உரோமமும் நூலும் சுற்றிப் பொய்ப்பூச்சி செய்து, அதை ஆற்றின் மேல்பரப்பில் மிதக்கவிட்டு, டிரவுட் மீன் மேலே வந்து கவ்வும்வரை கண் இமைக்காமல் பார்த்திருப்பது வேறு வகை. மிதக்கும் இந்தப் பொய்ப்பூச்சிதான் டிரை ஃப்ளை. ஊட்டியிலிருந்து டொரண்டோ வரை இந்தப் பித்துப் பிடித்தவர்கள் அனுப்பியிருக்கும் கேள்விகள் பலவிதம். புகார் என்னவோ ஒன்றுதான்: ஈ மூழ்கிவிடுகிறது.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து விலை கொடுத்து ஃப்ளோட்டன்ட் ஜெல் வரவழைத்தேன். ஈ முழுவதும் பூசி, இறகுக்குள் இறங்கும்படி நன்றாகத் தேய்க்கிறேன். அப்படியும் நாலைந்து வீச்சுக்குள் மூழ்கிவிடுகிறது. எனக்கு வந்தது போலிச் சரக்கா? (குன்னூர் வாசகர்)

பதில்: சரக்கு அசலாகத்தான் இருக்கும். காரியத்தைக் கெடுப்பது அந்த 'நன்றாகத் தேய்க்கிறேன்'.

டிரை ஃப்ளையைத் தாங்குவது அதன் இழைகளுக்கு நடுவே சிக்கியிருக்கும் காற்று. அந்தக் காற்று இருக்கும் இடத்துக்குள் தண்ணீர் புகாமல் காவல் நிற்பதோடு பசையின் வேலை முடிந்தது. பசையை அள்ளிப் பூசினால் தனித்தனியாக விரிந்து நிற்க வேண்டிய இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கற்றையாகிவிடும். காற்றுக்கு இடம் போய்விடும். மிச்சம் இருப்பது எண்ணெய் பூசிய ஓர் இரும்பு முள். பசை போதாமல் மூழ்கும் ஈக்களைவிடப் பசை மிஞ்சி மூழ்கும் ஈக்களே அதிகம் என்று துணிந்து சொல்லலாம்.

குண்டூசித் தலையளவு ஜெல் போதும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, அது உருகிக் கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை தேய்த்துவிட்டு, அந்த விரல்களால் இறகைத் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். பூசிய பிறகு ஈ பளபளத்தால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம். ஒரு தாளில் ஒற்றி எடுத்துவிடலாம்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. முதல் மூழ்கலுக்குப் பிறகு, ஈ ஈரமாக இருக்கும்போதே இவர் மறுபடி ஜெல் பூசுகிறாரோ? அப்படியானால் வெளியே போக வேண்டிய தண்ணீரை உள்ளேயே வைத்து அடைக்கிறார். முதலில் உலர்த்தல், பிறகுதான் பூச்சு. இந்த வரிசை மாறவே கூடாது.

கேள்வி: இரும்பு தண்ணீரில் மூழ்கும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். இரும்பு முள் உள்ள ஈ மட்டும் எப்படி மிதக்கிறது? பிள்ளைகளுக்குச் சொல்லும்படி ஒரு விளக்கம் வேண்டும். (மதுரை, இயற்பியல் ஆசிரியர்)

பதில்: ஆர்க்கிமிடீஸின் கணக்கை இங்கே சற்று ஒதுக்கி வைக்க வேண்டும். எஃகின் அடர்த்தி தண்ணீரைப் போல ஏறத்தாழ 7.8 மடங்கு. ஆனால் 14-ஆம் எண் டிரை ஃப்ளை முள் மெல்லிய கம்பியில் செய்தது. அதன் எடை சுமார் 0.03 கிராம்தான். 20 டிகிரி செல்சியஸில் தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.0728 நியூட்டன். தண்ணீர் ஒட்டாத ஒரு பொருள் நீர்ப்பரப்பை 1 சென்டிமீட்டர் நீளத்துக்குத் தொட்டுக்கொண்டிருந்தால், அந்தத் தொடுகோடு உச்சமாக 0.07 கிராம் எடையைத் தாங்கும். ஆக, நல்ல நிலையில் அரை சென்டிமீட்டர் தொடுகோடே முள்ளுக்குப் போதுமானது. இறகின் எத்தனையோ நுனிகள் நீரைத் தொட்டு நிற்கும் ஈக்கு அது பெரிய சுமையே அல்ல.

'தண்ணீர் ஒட்டாத' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வழவழப்பான பரப்பில் மெழுகு பூசினால் நீர்த்துளியின் சேர்கோணம் 105 அல்லது 110 டிகிரிக்குப் போகும். வெறும் பூச்சை வைத்துக்கொண்டு அதற்கு மேல் அதிக தூரம் போக முடியாது. 150 டிகிரியைத் தாண்ட வேண்டுமானால் பரப்பிலேயே நுண்ணிய மேடுபள்ளம் வேண்டும். துளி அந்த மேடுகளின் தலையில் மட்டும் உட்கார, பள்ளங்களில் காற்று நிற்க வேண்டும். நுண்துளைப் பரப்புகளில் நீர் எப்படி ஒட்டுகிறது, எப்படி ஒட்டாமல் போகிறது என்பதை 1944-இல் கேசி, பேக்ஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் சமன்பாடாக எழுதினார்கள். இருவரும் இங்கிலாந்தில் கம்பளி ஆய்வில் இருந்தவர்கள். நீர் ஒட்டாத துணிக்கு அவர்கள் முன்மாதிரியாகப் பார்த்தவற்றில் வாத்தின் இறகும் ஒன்று. தாமரை இலையில் தண்ணீர் ஏன் ஒட்டுவதில்லை என்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியே பார்த்து பார்ட்லாட், நைன்ஹுயிஸ் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர்கள் 1997-இல் விரிவாக வெளியிட்டார்கள். அங்கேயும் கதை இதுதான். மெழுகு இருக்கிறது, மெழுகுக்கு அடியில் நுண்முகடுகளும் இருக்கின்றன.

வகுப்பில் செய்துகாட்ட ஈ தேவையில்லை. தேங்காய் எண்ணெய் லேசாகத் தொட்ட ஊசியைக் கிண்ணத்து நீரில் படுக்க வைத்து மிதக்கவிட்டு, ஓரத்தில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டால் ஊசி அடியில் போய்ச் சேரும். ஆற்றங்கரையில் சோப்போ சன்ஸ்கிரீனோ ஒட்டிய விரலால் ஈயைத் தொடக் கூடாது என்பதற்கும் இதே சோதனை சாட்சி.

கேள்வி: இந்த ஜெல், பவுடர் எல்லாம் வருவதற்கு முன்பு என்ன செய்தார்கள்? (சென்னை வாசகர்)

பதில்: ஈயை மாற்றினார்கள். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஆக்ஸ்மின்ஸ்டர் ஊரைச் சேர்ந்த ஜார்ஜ் புல்மன் 1841-இல் தூண்டில்காரர்களுக்கான சிறு கையேடு ஒன்றை வெளியிட்டார். 1851-இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பில், நனைந்த ஈயைக் கழற்றிவிட்டு உலர்ந்த ஒன்றைக் கட்டும்படியும், கயிற்றைக் காற்றில் சில முறை வீசி ஈரத்தை உதறும்படியும் யோசனை சொல்கிறார். டிரை ஃப்ளை என்ற பேச்சு அச்சில் ஏறிய தொடக்ககால இடங்களில் அது ஒன்று. பூச்சு என்ற எண்ணமே அதில் இல்லை.

இதை ஒரு சாஸ்திரமாக்கியவர் ஃபிரெடரிக் ஹால்ஃபோர்ட். 1844-இல் பிறந்தவர், வசதியான துணி வியாபாரக் குடும்பம். 1879-இல் வின்செஸ்டரில் ஜார்ஜ் செல்வின் மேரியட்டைச் சந்தித்த பிறகு இருவருமாக ஹாம்ப்ஷயரின் டெஸ்ட், இட்சன் ஆறுகளில் பூச்சி பிடிப்பதும் ஈ கட்டுவதுமாக ஆண்டுகளைச் செலவழித்தார்கள். 1886-இல் வெளிவந்த மிதக்கும் ஈக்கள் பற்றிய நூலில் தன் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று மேரியட் மறுத்துவிட்டார். புகழ் முழுவதும் ஹால்ஃபோர்டுக்குப் போயிற்று.

அந்த ஆறுகள் சுண்ணாம்புப் பாறை ஊற்றிலிருந்து வருபவை. தெளிந்த நீர், சீரான ஓட்டம், அலையடிப்பு இல்லை. அங்கே மெல்லிய இறகுச் சுற்றோடு கூடிய ஈயே மிதந்துவிடும். நாலு முறை காற்றில் வீசி உலர்த்தினால் வேலை முடிந்தது. விக்டோரியா காலத்தின் கடைசியில் வாசனையற்ற பாரஃபின் எண்ணெய் புழக்கத்துக்கு வந்தது. சட்டைப் பொத்தானில் தொங்கும் சின்னக் குப்பி, அதன் மூடியிலேயே ஒரு தூரிகை. தொட்டு, தடவி, மிஞ்சியதைத் துணியில் ஒற்றி எடுப்பார்கள். ஒற்றாமல் வீசினால் ஈயைச் சுற்றித் தண்ணீரில் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம் விரியும். தெளிந்த நீரில் மீன் அதைக் கவனிக்காமலா இருக்கும்?

1890-இல் ஹால்ஃபோர்ட் தன் ஈக்களில் ஒரு தொகுதியைக் கடல் கடந்து நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் மீன்பிடித்துவந்த தியடோர் கார்டனுக்கு அனுப்பிவைத்தார். அமெரிக்காவில் டிரை ஃப்ளை வேரூன்றியதற்கு அந்தத் தபாலையே தொடக்கமாகச் சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் கேட்ஸ்கில் ஆறுகள் கல்லில் மோதி நுரைக்கும் ஆறுகள், பூச்சிகளும் வேறு. ஆகவே கார்டன் ஈயையே மாற்றிக் கட்டினார்: விறைப்பான சேவல் இறகு, குறைவான பொருள், நிமிர்ந்த சிறகு. அடுத்த தலைமுறையில் லீ வுல்ஃப் 1930-ஐ ஒட்டி இறகுச் சிறகையே தூக்கிவிட்டு மான்வால் மயிரில் தடித்த சிறகு வைத்தார். சுழித்தோடும் நீரிலும் அது தாங்கியது. கடையில் இன்று குப்பி குப்பியாக விற்கும் வேலையில் பாதியை ஈயின் வடிவத்திலேயே செய்து முடித்தவர்கள் இவர்கள். நுரைத்தோடும் ஓடையில் மெல்லிய ஆங்கிலேய ஈயைக் கட்டிக்கொண்டு பசையைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

உலர்த்துவதற்கு அவர்களிடம் அமடூ இருந்தது. பீர்ச், பீச் மரங்களில் குளம்பு வடிவில் வளரும் ஒரு காளானின் சதையைப் பதப்படுத்தித் தட்டி எடுத்த, தோல் போன்ற பொருள் அது. இரண்டு துண்டுகளுக்கு நடுவே ஈயை வைத்து அழுத்தினால் ஈரத்தை உறிஞ்சிவிடும். தீ மூட்டவும் பயன்பட்ட காளான் அது; ஆல்ப்ஸ் பனியில் 1991-இல் கண்டெடுத்த, சுமார் 5,300 ஆண்டு பழைய 'ஓட்ஸி' மனிதனின் பையிலும் அது இருந்தது. இன்றைய விலையுயர்ந்த உலர்த்தும் துணிகள் எவையும் அமடூவை முழுவதுமாக விரட்டிவிடவில்லை.

கேள்வி: கடையில் ஜெல், திரவம், ஸ்பிரே, வெள்ளைப் பவுடர், குலுக்கும் டப்பா என்று ஐந்து வகை இருக்கிறது. ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் எதை? (கோவை வாசகர்)

பதில்: என்ன பொருளில் கட்டிய ஈ என்பதைப் பொறுத்தது. இரண்டு வாங்க மனம் இருந்தால் ஒரு ஜெல், ஒரு பவுடர். ஸ்பிரேயைத் தள்ளிப்போடலாம், பாதி காற்றோடு போய்விடுகிறது.

சேவல் இறகு சுற்றிய வழக்கமான ஈக்களுக்கு ஜெல் நன்றாக வேலை செய்கிறது. 1922-இல் மிச்சிகனில் லெனர்ட் ஹாலடே கட்டி, இன்றும் உலகில் அதிகம் விற்கும் ஈக்களில் ஒன்றாக இருக்கும் ஆடம்ஸ் இந்த வகைதான். அதன் உடல் மஸ்க்ராட் என்ற நீரெலியின் மென்மயிரில் சுற்றியது. பூச்சு இறகுக்கு மட்டும் போய் உடலுக்குப் போகாவிட்டால் மயிர் தண்ணீர் குடித்துக் கனக்கும். கிங்க், ஏக்வெல் போன்ற ஜெல்கள் எல்லாம் இந்த வேலைக்குத்தான். எது உசத்தி என்று தூண்டில்காரர்கள் சண்டை போடுவார்கள். அளவோடு பூசினால் வித்தியாசம் சொற்பம்.

எல்க் மான் மயிரில் சிறகு வைக்கும் எல்க் ஹேர் கேடிஸ், அல் ட்ராத் 1957-இல் உருவாக்கியது. அந்த மயிர் உள்ளே குழலாக இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் உள்ளே காற்று அடைத்த நுண்ணறைகள் நெருக்கமாக அடுக்கியிருக்கின்றன. அதனால் இயல்பாகவே மிதக்கும். கொஞ்சம் ஜெல்லோ திரவமோ போதும்.

ரப்பர் போன்ற நுரைப்பொருளில் செய்த ஈக்களுக்கு எதுவுமே வேண்டாம். யூட்டா மாநிலத்தின் கிரீன் ஆற்றில் பேர்பெற்ற 'செர்னோபில் ஆன்ட்' அந்த வகை. மூடிய அறைகள் கொண்ட நுரைக்குள் தண்ணீர் புகாது. அதற்கும் பசை தடவுகிறவர்கள் கடைக்காரருக்கு உதவி செய்கிறார்கள்.

கண்டிப்பு தேவைப்படும் இடம் சி.டி.சி. வாத்தின் வாலடியில் எண்ணெய்ச் சுரப்பியைச் சுற்றி வளரும் சிறு இறகு இது. சுவிட்சர்லாந்து ஜூரா மலைப்பகுதியில் 1920-களிலேயே ஈ கட்டப் பயன்படுத்தினார்கள். அந்தச் சுரப்பியின் எண்ணெய்தான் இதை மிதக்க வைக்கிறது என்ற பேச்சு இன்னும் உலவுகிறது. ஆனால் எண்ணெய் போகக் கழுவிச் சாயம் ஏற்றிய சி.டி.சி.யும் மிதக்கிறது. இழையிலிருந்து பிரியும் நுண்கிளைகள் காற்றை வலைபோட்டுப் பிடிப்பதே முதன்மைக் காரணம். இதில் சாதாரண ஜெல்லைத் தொட்டால் அந்த நுண்கிளைகள் எல்லாம் ஒட்டிப் படிந்துவிடும். அன்றைக்கு அந்த ஈயின் கதை முடிந்தது. சி.டி.சி.க்குப் பவுடர் மட்டும், அல்லது அதற்கென்றே விற்கும் மெல்லிய எண்ணெய்.

வெள்ளைப் பவுடர் என்பது பெரும்பாலும் நீர் ஒட்டாதபடி வேதிமுறையில் பக்குவப்படுத்திய புகைச்சிலிக்கா. எடையே இல்லாத அளவுக்கு நுண்ணிய துகள். 'ஃப்ராக்ஸ் ஃபேனி' குப்பியின் மூடியில் இருக்கும் தூரிகையால் இறகுக்குள் குத்திக் குத்திப் பூச வேண்டும். துகள்கள் இழைகளில் அப்பி, தாமரை இலையில் இருக்கும் அந்த மேடுபள்ளத்தை ஈயின் மேல் செயற்கையாக உண்டாக்குகின்றன. காற்று வரும் பக்கம் முதுகைக் காட்டி நின்று, மூச்சில் இழுத்துக்கொள்ளாமல் பூசுவது நல்லது.

திரவம் வேறு ரகம். முந்தின நாளே ஈயை அதில் நனைத்து, முழுக்க உலரவிட வேண்டும். ஆற்றங்கரையில் அவசரத்துக்கு உதவாது. வீட்டில் ஈ கட்டி முடித்த கையோடு செய்துவைத்தால் பல நாள் தாங்கும்.

கேள்வி: ஃபெர்கஸ் பக்கம் கிராண்ட் ஆற்றில் பிரவுன் டிரவுட் பிடிக்கப் போகிறேன். ஒரு மீனைப் பிடித்துவிட்டால் அதன் பிறகு அந்த ஈ எதற்கும் ஆகாமல் போய்விடுகிறது. காலைக் குளிரில் ஜெல்லும் டப்பாவை விட்டு வர மறுக்கிறது. (டொரண்டோ வாசகர்)

பதில்: ஷாண்ட் அணைக்குக் கீழே அணையின் அடிநீர் குளிர்ச்சியாக வந்துகொண்டிருப்பதால்தான் அங்கே பிரவுன் டிரவுட் பிழைக்கிறது. குளிர்நீர் என்றால் குளிர்ந்த விரல்களும்தான். ஜெல் டப்பாவை வெளிச்சட்டையில் தொங்கவிடாமல் உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்தால் இளகும். கோடையில் இதற்கு நேர்மாறு: தண்ணீராக உருகி ஒழுகும், கவிழ்த்ததும் தேவைக்குப் பத்து மடங்கு கொட்டும்.

மீன் கவ்விய ஈ மூழ்குவதற்குக் காரணம் ஈரம் மட்டுமல்ல. மீனின் உடம்பிலும் வாயிலும் உள்ள கோழை புரதம் கலந்தது. தண்ணீரை விலக்காது, வரவேற்கும். கோழையை வைத்துக்கொண்டு மேலே எதைப் பூசினாலும் வீண். முதலில் ஓடும் நீரில் ஈயை அலசிக் கோழையை முழுவதும் கழுவ வேண்டும். ஏற்கெனவே நனைந்ததை இன்னும் நனைப்பதா என்று கை தயங்கும். தயங்காமல் அலச வேண்டும். அடுத்து அமடூவிலோ பருத்தித் துணியிலோ வைத்து அழுத்தல். தேய்க்கக் கூடாது, அழுத்த வேண்டும். பிறகு உலர்த்தும் மணிகள் உள்ள டப்பாவில் ஈயைப் போட்டு, நரம்பு வெளியே நிற்க மூடியைச் சாத்திச் சில நொடி குலுக்கல். எடுத்து ஊதி, இரண்டு மூன்று முறை காற்றில் வீசினால் இறகு மறுபடி விரிந்து நிற்கும்.

டப்பா இல்லாதவர்களுக்கு ஒரு ரப்பர் பேண்டு போதும். ஒரு முனையைத் தூண்டில் கழியில் மாட்டி, மறுமுனையில் ஈயின் முள்ளைக் கொளுவி, ரப்பரும் நரம்பும் விறைக்கும்படி இழுத்துப் பிடித்து, ரப்பரை விரலால் சுண்டிவிட வேண்டும். தண்ணீர் தூவானமாகத் தெறிப்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

கொசு விரட்டும் மருந்து பூசுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டீட் கலந்த மருந்து பிளாஸ்டிக்கைக் கரைக்கும். விரலில் அது இருந்தால் கெடுவது ஈ மட்டுமல்ல, விலை அதிகமுள்ள லைனின் மேல்பூச்சும் சேர்ந்துதான்.

கேள்வி: தேங்காய் எண்ணெய், வாசலின், மெழுகைப் பெட்ரோலில் கரைத்தது, ஷூவுக்கு அடிக்கும் வாட்டர்ப்ரூஃப் ஸ்பிரே... வீட்டிலேயே கிடைப்பதில் எது சரிவரும்? (கொடைக்கானல் வாசகர்)

பதில்: தேங்காய் எண்ணெய் வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். கொடைக்கானல் காலையில் ஈயின் மேல் வெள்ளைக் கட்டியாக நிற்கும். நாளாக ஆகச் சிக்கு நாற்றமும் வரும். வாசலின் ஆபத்துக்கு உதவும், ஆனால் இழைகளை ஒட்டவைப்பதில் கடை ஜெல்லைவிட மோசம். அமெரிக்காவில் முக ஒப்பனையை அழிக்க விற்கும் ஆல்பொலீன் என்ற களிம்பைப் பலர் சின்ன டப்பாவில் அடைத்துக்கொண்டு போகிறார்கள். கனிம எண்ணெயும் மெழுகும் கலந்தது. விரல் சூட்டில் உருகும், விலையும் மலிவு. கடை ஜெல்லுக்கு அது நெருங்கிய உறவு.

மெழுகும் பெட்ரோலும் பழைய செய்முறை. பெட்ரோல் ஆவியாகி மெல்லிய மெழுகுப் படலம் மிஞ்சும். வேலை செய்யும் என்பது உண்மைதான். சமையலறையில் மெழுகு உருக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் பெட்ரோல் வைத்திருப்பவருக்கு டிரவுட்டைவிடப் பெரிய கவலைகள் காத்திருக்கின்றன. இன்னும் பழைய குறிப்புகளில் பெட்ரோலுக்குப் பதில் கார்பன் டெட்ராகுளோரைடு இருக்கும். ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. அந்தக் குறிப்பைக் கிழித்துப் போடலாம்.

ஷூ, சோபா ஸ்பிரேக்களின் கதை தனி. ஸ்காட்ச்கார்டை 3எம் நிறுவனத்தில் பேட்ஸி ஷெர்மனும் சாமுவேல் ஸ்மித்தும் உருவாக்கினார்கள். ஆய்வகத்தில் ஒரு காலணி மேல் சிந்திய ரசாயனத்தில் தண்ணீரும் ஒட்டவில்லை, எண்ணெயும் ஒட்டவில்லை என்பதில் தொடங்கி 1956-இல் விற்பனைக்கு வந்தது. ஈ கட்டுகிறவர்கள் விடுவார்களா? டஜன் கணக்கில் ஈக்களைத் தாளில் பரப்பி அடித்தார்கள். பின்னாளில் அதற்கு அடிப்படையான பி.எஃப்.ஓ.எஸ். சேர்மம் மண்ணிலும் நீரிலும் உடம்பிலும் சிதையாமல் தங்குவது தெரியவந்தது. 2000-இல் அதைக் கைவிடுவதாக 3எம் அறிவித்தது. 2009-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் அது ஏறியது. இன்றைய ஸ்பிரேக்களின் கலவை வேறு. ஆனாலும் ஃபுளோரின் சேர்ந்த பூச்சை, மீன் வாழும் நீரில் நாள் முழுக்க அலசப்போகும் பொருளின் மேல் அடிக்க அவசியம் ஒன்றும் இல்லை. வாங்கும்போது டப்பாவில் 'பி.எஃப்.ஏ.எஸ். இல்லை' (இந்த வகைச் சேர்மங்களின் பொதுப்பெயர் அது) என்று போட்டிருக்கிறதா என்று பார்க்கலாம்.

கேள்வி: வீட்டுச் சேவல் இறகில் ஈ கட்டினால் மிதக்குமா? (பொள்ளாச்சி வாசகர்)

பதில்: மிதக்கும், சேவல் வயதானதாக இருந்தால். கழுத்தின் பின்புற இறகில் ஒன்றை எடுத்து வளைத்தால் இழைகள் விறைத்துத் தனித்தனியாக நிற்க வேண்டும். தண்டை ஒட்டி மங்கலாக, பஞ்சுபோல் தெரியும் பகுதி தண்ணீர் குடிக்கும். அது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இளஞ்சேவலிலும் பெட்டையிலும் அந்தப் பகுதியே அதிகம். பெட்டைக்கோழி இறகை மூழ்கும் ஈக்களுக்கு ஒதுக்கிவிடலாம். தூண்டிலுக்காக வளர்க்கும் அமெரிக்கச் சேவல் இனங்களின் நீண்ட இறகு வரும் முன்பு, இந்தியச் சேவல் கழுத்துத் தோல்கள்தான் மேல்நாட்டு ஈ கட்டுகிறவர்களின் மேசையில் கிடந்தன.

காட்டுக்கோழி இறகைத் தொடவே கூடாது. அதன் கழுத்தில் மெழுகுத்துளி போல் மினுங்கும் புள்ளிகளுக்காகச் சால்மன் ஈ கட்டுகிறவர்கள் ஒரு காலத்தில் பறந்தார்கள். இன்று அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது.

கேள்வி: நீலகிரி ஓடைகளில் இருக்கும் டிரவுட் அங்கேயே பிறந்த இனமா? டிரை ஃப்ளைக்கு வருமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது. 1860-களில் ஃபிரான்சிஸ் டே செய்த முயற்சிகள் பலிக்கவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் காலத்தில்தான் ரெயின்போ டிரவுட் நிலைத்தது, அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பண்ணையும் எழுந்தது. மாலைப் பொழுதில் பூச்சி எழும்பும்போது டிரை ஃப்ளைக்கு வரும். ஆனால் அந்த நீர்நிலைகளில் பலவும் காப்புக்காட்டுக்குள் இருக்கின்றன. வனத்துறையிடமும் மீன்வளத் துறையிடமும் கேட்டு, எழுத்தில் அனுமதி பெறாமல் தூண்டிலோடு உள்ளே போகக் கூடாது.

கேள்வி: ஊட்டியில் ஜூன் தொடங்கினால் பெட்டிக்குள் இருக்கும் ஈயே நமுத்துப்போகிறது. முள்ளில் துரு, இறகில் பூஞ்சணம். (ஊட்டி வாசகர்)

பதில்: நனைந்த ஈயை அப்படியே பெட்டிக்குள் செருகுவதில் ஆரம்பிக்கிறது இது. ஒரு ஈயின் ஈரம் பெட்டி முழுவதையும் கெடுக்கும். வீடு வந்ததும் பெட்டியைத் திறந்து வைத்து ஒரு இரவு உலரவிட வேண்டும். மழைக்காலத்தில் எரியும் மின்விளக்குக்குப் பக்கத்தில். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடலாம். சிலிக்கா ஜெல் ஈரம் குடித்துக் களைத்துவிட்டால் தூக்கி எறிய வேண்டியதில்லை. பொட்டலத்திலிருந்து மணிகளைக் கொட்டி, 120 டிகிரி அடுப்பில் ஓரிரு மணி நேரம் வைத்தால் மறுபடி வேலைக்குத் தயார். நீலநிற மணிகளில் கோபால்ட் குளோரைடு இருக்கும், உடம்புக்கு ஆகாது. நிறமில்லாததையோ ஆரஞ்சு நிறத்தையோ வாங்குவது மேல்.

ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். சிலிக்கா ஜெல் ஈரத்தை உறிஞ்சும். தூரிகையால் பூசும் புகைச்சிலிக்கா ஈரத்தை விலக்கும். பெயர் பாதி ஒன்று, வேலை நேரெதிர். குலுக்கும் டப்பாவில் இரண்டும் கலந்திருப்பதால்தான் உலர்த்தலும் பூச்சும் ஒரே குலுக்கலில் நடக்கின்றன.

கேள்வி: கிளிங்காமர் ஈக்கு முழுவதும் பூச வேண்டுமா? நரம்புக்கும் பூசலாமா? (பெங்களூர் வாசகர்)

பதில்: இரண்டுக்கும் 'கூடாது' என்பதே பதில். டச்சுக்காரர் ஹான்ஸ் வான் கிளிங்கன் 1980-களில் நார்வேயின் குளோமா ஆற்றில் உருவாக்கிய ஈ அது. நீரடியிலிருந்து மேலேறி, தோலுரித்துக்கொண்டு பாதி நீருக்குள்ளும் பாதி வெளியிலும் தொங்கும் பூச்சியின் வேஷம் அதற்கு. வளைந்த உடல் நீருக்குள் தொங்க வேண்டும். மேலே இருக்கும் கொண்டையும் குடைபோல் சுற்றிய இறகும் மட்டும் மிதக்க வேண்டும். ஆகவே பசை கொண்டைக்கும் இறகுக்கும் மட்டும். உடலை எச்சிலால் நனைத்துவிட்டு வீசுகிறவர்களும் உண்டு. முழுக்கப் பூசினால் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிடும்.

லைன் இன்று தானே மிதக்கிறது; பட்டு லைன் காலத்தில்தான் தினமும் காலையில் மியூசிலின் என்ற பசையைத் தடவி, மாலையில் அவிழ்த்து உலர்த்த வேண்டியிருந்தது. ஈக்கு அருகில் உள்ள கடைசி ஓரடி நரம்பைப் பொறுத்தவரை தலைகீழ்க் கணக்கு: அது லேசாக அமிழ வேண்டும். மிதக்கும் நரம்பு நீர்ப்பரப்பைக் குழித்துக்கொண்டு கிடக்கும். வெயிலில் ஆற்றடியில் அதன் நிழல் தடித்த கோடாக விழும். அதற்காக அடர்த்தி 1.78 உள்ள ஃபுளோரோகார்பனுக்கு ஓட வேண்டியதில்லை. சின்ன ஈயையும் சேர்த்து இழுக்கும். 1.14 உள்ள சாதா நைலானே போதும், எண்ணெய்ப்பசை நீங்கியிருந்தால். இங்கிலாந்தில் இதற்கு ஃபுல்லர்ஸ் எர்த் மண்ணோடு பாத்திரம் கழுவும் சோப்பையும் கிளிசரினையும் பிசைந்து உருண்டையாக வைத்துக்கொள்கிறார்கள். அந்த மண் நம் மளிகைக் கடையில் முல்தானி மட்டி என்ற பெயரில் கிடைக்கிறது. ஒரு சிட்டிகை எடுத்து நரம்பை உருவிவிட்டால் அமிழும். உருவிய விரலை ஆற்றில் நன்றாக அலம்பிவிட்டுத்தான் ஈயைத் தொட வேண்டும்.